பூநாரைக்கு விழுந்த பாடு

எங்கள் ஏரிக்கு மேலே இப்போது டிரோன் பறக்கிறது. நாலு கையையும் பரப்பிக்கொண்டு, வண்டு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு மேலே போய் நின்று பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறது. அது முதன்முதலாகப் பறந்த அன்று வனத்துறையில் எல்லோரும் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீரில் இருந்த கூழைக்கடாக்கள் அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. நானும் அப்படித்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஆயா, இதெல்லாம் இல்லாதப்போ நீங்க எப்படிக் காவல் காத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆயான்னு கூப்டா எனக்குக் காது கேக்காது. வாட்சரம்மான்னு கூப்டு, சொல்றேன்."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குப்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்ட பெண் நான். வாட்சர் கன்னியம்மா என்றால் பழவேற்காடு பஸ் நிலையத்தில் இன்றைக்கும் வழி சொல்வார்கள். அந்தப் பெண்களிடம் அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. பொன்னேரி பஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க நாளாகும். ஆகட்டும், எனக்கு அவசரமில்லை.

காக்கிச் சட்டைக்கு முன்னால் என்னிடம் இருந்தது ஓலைப் பறி. எங்கள் குப்பத்துப் பெண்கள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து போய், சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்போம். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய கூடைதான் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த வேலையில் பேச்சுக் கிடையாது. எங்கள் குப்பத்துப் பெண்கள் பேசாமல் இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் எங்களுக்குப் பக்கத்திலேயே மேயும். நீளக் கால், நீளக் கழுத்து, இறக்கைக்கு அடியில் ரோஜா நிறம். அவை தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றை அரித்துச் சாப்பிடும். நாங்களும் குனிந்திருப்போம், அவையும் குனிந்திருக்கும். ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை.

புதிதாக ஒரு ரேஞ்சர் ஐயா எங்கள் பகுதிக்கு வந்தார். தெற்கத்திக்காரர். அவர் படகு வரும்போதெல்லாம் பறவைகள் எழும்பிப் போயின. படகு திரும்பியதும் எங்கள் பக்கத்திலேயே வந்து இறங்கின. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் நாங்கள் கரையேறும் இடத்தில் காத்திருந்தார்.

"அம்மா, உங்களைக் கண்டா மட்டும் பறக்க மாட்டேங்குதே, அது எப்படி?"

பல்லிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னேன். "நீங்க நின்னுகினு வர்றீங்க சார். நின்னா அதுக்கு ஆளு. நாங்க குனிஞ்சிகினு போறோம். குனிஞ்சா அதுக்கு மாடு."

"அப்போ நீங்க மாடா?"

"தண்ணிக்குள்ள மட்டும்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலுக்கு ஆள் எடுக்கிறோம், வருகிறீர்களா என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சட்டை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்களாம்."

"அப்போ போ. எனக்கும் ஒண்ணு கேளு."

பயிற்சிக்கு எங்கேயோ மலைப்பக்கம் கூட்டிப்போனார்கள். புலியின் காலடித் தடத்தைக் காட்டினார்கள். எங்கள் ஏரியில் புலி கிடையாது என்றேன். இருந்தாலும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்த்து வைத்துக்கொண்டேன். இதுவரை தேவைப்படவில்லை.

உண்மையான பயிற்சி ரேஞ்சர் ஐயாவின் படகில்தான் நடந்தது. அவர் படகில் ஏறுவதற்கு முன் பூட்சைக் கழற்றி, இரண்டையும் தட்டி, கரையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வருவார். பலகையில் உட்கார மாட்டார். அது உயரம். படகின் அடித்தட்டில் சப்பணம் போட்டு உட்காருவார். ஒழுகின தண்ணீரில் கால்சட்டை நனைந்தாலும் எழுந்திருக்க மாட்டார். தண்ணீரில் நாங்கள் ஊன்றி வைத்திருந்த எல்லைக் கழி வந்ததும் இன்ஜின் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் கழியை ஊன்றித் தள்ளித்தான் போக வேண்டும், அதுவும் பறவைகளை நேராக நோக்கிப் போகாமல், எங்கேயோ வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி பக்கவாட்டில்.

நான் காவலுக்குப் போய்த் திரும்பினால், எத்தனை பறவை என்று அவர் முதலில் கேட்க மாட்டார். "என்ன செஞ்சிட்டிருந்துச்சு?" என்றுதான் கேட்பார். தலை எல்லாம் கீழே இருந்தால் சாப்பிடுகிறது, கவலை இல்லை. தலை எல்லாம் மேலே இருந்தால் சந்தேகப்படுகிறது. அங்கேயே நின்றுவிட வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நாம் தோற்றுப்போய்விட்டோம். இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடி எழும்பிவிடும். இதைத்தான் அவர் எங்களிடம் தினமும் கேட்டார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். மிகவும் கோபம் என்றால் குரலே வராது, கண்ணாடியைத் துடைப்பார். ஒரு தடவை ஒரு மீன்காரரைக் கரையில் நாலு பேர் முன்னால் நான் திட்டிவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகு சொன்னார்: "தனியாக் கூப்பிட்டுத் திட்டுங்கம்மா. நாலு பேர் முன்னால திட்டினா நமக்கு எதிராளி ஒருத்தர் இல்லை, நாலு பேர்."

அது எனக்கு ரொம்ப உதவியது. வலையில் பறவை மாட்டும்போது முக்கியமாக.

முதலில் மாட்டியது வரதன் மாமாவின் வலையில். அவர் படகில் நின்றுகொண்டு ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "வாட்சரம்மா! உன் பறவ என் வலயக் கிழிக்குது! வந்து கூட்டிகினு போ!"

மார்பளவு தண்ணீரில் இறங்கிப் போனேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. நனைத்த துண்டை முதலில் அதன் தலைமேல் போட வேண்டும். கண் மறைந்தால் அடித்துக்கொள்வது நின்றுவிடும். பிறகு இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அக்குளில் அணைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்குகிற மாதிரி. காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஈர்க்குச்சி மாதிரி ஒடிந்துவிடும். சிறகிலிருந்து வலையைப் பிய்க்கக் கூடாது. வலையைத்தான் அறுக்க வேண்டும்.

"கத்தி வெக்காத! புது வலம்மே அது!"

"வலய நான் முடிஞ்சு தரேன் மாமா. காலு ஒடிஞ்சா அத முடியறதுக்கு எனக்குத் தெரியாது."

"நீ முடியறியா? கவர்மெண்டு ஆளு வல முடியுமா?"

"எங்க நைனா வலயெல்லாம் பின்ன யாரு முடிஞ்சது?"

அறுத்தேன். அறுத்த வலை நரம்பு ஒன்றுகூடத் தண்ணீரில் விழாமல் மடியில் கட்டிக்கொண்டேன். முழங்கால் அளவு தண்ணீருக்குத் தூக்கிப்போய் நிற்க வைத்து, அதன் கால் தரையில் பாவும்வரை மார்பைத் தாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியாகத்தான் துண்டை எடுத்தேன். அது என்னைப் பார்த்தது, வரதன் மாமாவைப் பார்த்தது, பிறகு எங்கள் இருவரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல நடந்து போனது.

மறுநாள் மாமாவின் வலையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடித்துக் கொடுத்ததும் அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒட்டுப்போட்ட இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு பறவை மாட்டினால் யாரும் அதை அடித்துப் போடுவதில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். சில பேர் ஒரு படி மேலே போனார்கள். "பூநாரை மாட்டிக்கிச்சு வாட்சரம்மா" என்று சொல்லி, மாடு நுழைகிற அளவு ஓட்டை விழுந்த பழைய வலையைக் கொண்டுவந்து போட்டார்கள். "இவ்ளோ பெரிய பூநாரய நான் பாக்கணுமே, எங்க கீது?" என்று கேட்டால், பறந்துவிட்டதாம்.

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சவாரிப் படகுகள் பெருகின பிறகுதான் தொல்லை வந்தது.

லீவு நாளில் பட்டணத்திலிருந்து ஜனங்கள் வந்து குவிவார்கள். டச்சுக்காரர் கல்லறைக்குப் போய், வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது ஏரியில் படகுச் சவாரி. எங்கள் குப்பத்தில் சவாரி விடும் படகுகள் ஆறு. ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஓடிப்போய்க் கூவுவார்கள். "வாங்க சார், என் படகுல வாங்க! பூநாரயத் தூக்கிக் காட்டறேன்!"

தூக்குவது என்றால் இதுதான்: கோரை மேடு என்று ஆழமில்லாத இடம் ஒன்று உண்டு. பூநாரைகள் மேய்வது அங்கேதான். இன்ஜினை முறுக்கிவிட்டு நேராக அந்தக் கூட்டத்துக்குள் படகைச் செலுத்தினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் எழும்பும். வானமே ரோஜா நிறமாகிவிடும். படகில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். பார்க்க அழகுதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இறங்கி, தலையைக் கவிழ்த்து, நாலு வாய் சாப்பிடுவதற்குள் அடுத்த படகு வந்துவிடும். நெடுந்தூரத்திலிருந்து வந்த விருந்தாளியை ஒவ்வொரு கவளத்துக்கும் எழுப்பிவிட்டால் எத்தனை நாள் இருப்பார்? அந்த வருடம் கூட்டம் பாதியாகக் குறைந்து, மிச்சமும் வடக்கே ஆந்திரா பக்கம் நகர ஆரம்பித்தது.

தூக்குவதில் முதல் ஆள் யார் என்றால், என் கூடப் பிறந்த தம்பி ஏழுமலை.

ரேஞ்சர் ஐயா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "மேல இருந்து கேக்கறாங்கம்மா. இப்படியே போனா சவாரிப் படகு மொத்தத்தையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க. என்னால தடுக்க முடியாது. உங்க ஊர் தானா ஒரு வழி பண்ணினா, அதைச் சொல்லி நான் பேசிப் பார்ப்பேன். வரப்போற பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்கறேன்."

ஏழுமலை கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, இருந்த வலைகளை எல்லாம் விற்று வாங்கின படகு அது. படகு நின்றால் அவன் அடுப்பு நின்றுவிடும். படகு நிற்காவிட்டால் பறவை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான்.

படகுத் துறைக்குப் போனேன். இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், படகயே நிறுத்தப் போறாங்கடா."

"யாரு, உன் ரேஞ்சரா?"

"அவருக்கு மேல கீறவங்க."

"நீ போட்டுக் குடுத்தியா?"

"நான் போட்டுக் குடுத்திருந்தா உன் படகு போன வருசமே கரையில கவுந்திருக்கும்."

துணியை வீசினான். "யக்கா, நான் தூக்கலன்னா பக்கத்துப் படகுக்காரன் தூக்குவான். சனம் அவன் படகுல ஏறும். நான் ஒருத்தன் யோக்கியனா இருந்து இன்னாத்துக்கு ஆவும்? எல்லாரையும் நிறுத்தச் சொல்லு, நானும் நிறுத்தறேன்."

கோபத்தில் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது: இந்தச் சண்டையை எங்கள் ஊர் முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. ஏரியில் வலை போடுவதற்குப் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு எங்களிடம் உண்டு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க, பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, குலுக்கல் போட்டு, இன்னாருக்கு இன்ன இடம் என்று முடிவு செய்வோம். அதுதான் அவரவர் பாடு. அடுத்தவன் பாட்டில் வலை போடுகிறவன் எங்கள் ஊரில் இல்லை. வலைக்குப் பாடு உண்டு, சவாரிக்கு இல்லை. சவாரி நேற்று வந்தது.

நாட்டார் என்றால் எங்கள் ஊர்த் தலைவர். அவரிடம் சொன்னேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு, "கூட்டம் போடறேன். நீயே பேசு. நான் பேசினா உன் தம்பி என்ன வுட மாட்டான்" என்றார். ரேஞ்சர் ஐயா வரவில்லை. "ஊர் பேசற இடத்துல காக்கி இருக்கக் கூடாது. நீங்களும் சட்டையை வீட்டுல வெச்சிட்டு ஊர்ப் பொண்ணா போங்க" என்றார். எனக்கு அது வருத்தம்தான். புதிதாகக் கஞ்சி போட்டு வைத்திருந்தேன்.

அம்மன் கோயில் வாசலில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். நான் எழுந்து முன்னால் போனபோதே ஒரு குரல், "வழி வுடுங்கப்பா, கவர்மெண்டு வருது" என்றது.

"கவர்மெண்டு வூட்ல மடிச்சு வெச்சிட்டு வந்திருக்கேன். இப்ப வந்துகினு கீறது கன்னியம்மா" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு.

விஷயத்தைச் சொன்னேன். சவாரிக்கும் பாடு போடுவோம். ஆறு படகுக்கும் ஆளுக்கொரு இடம். அவரவர் இடத்தை அவரவர் சுற்றிக் காட்டட்டும், கூவலும் போட்டியும் வேண்டாம். அதில் ஒரு பங்கு பூநாரைக்கு. கோரை மேட்டை அதற்கு விட்டுவிட வேண்டும்.

ஏழுமலை துள்ளி எழுந்தான். "பாடுன்னா தலக்கட்டுக்குத்தான். குடும்பம் வெச்சிகினு, ஊருக்கு வரி கட்டறவனுக்கு! பூநார வரி கட்டுதா? வல போடுதா? படகு வுடுதா?"

"வல போடாதவங்களுக்குப் பாடு கெடயாதா நம்ம ஊர்ல?"

"கெடயாது!"

"நைனா கடல்ல போனப்புறம் அம்மா எந்த வல போட்டுச்சுடா?"

எங்கள் ஊரில் கைம்பெண்ணுக்குப் பாடு உண்டு. அவள் வலை போட முடியாது. அவள் பாட்டில் வேறு யாராவது வலை போட்டு, பங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஏழுமலை கைக்குழந்தை அப்போது. அவனும் நானும் வளர்ந்தது அந்த மீனில். அது அவனுக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பங்கைக் கொண்டுவந்து வைத்தவர்களில் ஒருவரான வரதன் மாமா, முன் வரிசையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வரவங்கள சாப்பிட வெக்கறது நம்ம ஊரு பயக்கம். அதான் பாடு. நான் புதுசா ஒண்ணும் கேக்கல" என்றேன்.

ஏழுமலை தரையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினபோது அவன் கண்ணில் குறும்பு இருந்தது. "சரி. பூநாரைக்கும் பாடு. ஆனா பாடுன்னா குலுக்கல்தான். யாரும் எடத்தப் பொறுக்கிக் கேக்கறது கெடயாது. அதுக்கு இன்னா வியுதோ அதான்."

"நாயம்!" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நாட்டார் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர் வழக்கத்தையே நான் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த வழக்கத்தை இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? "சரி" என்றேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பூநாரைக்கு ஆழமான இடம் விழுந்தால் என்ன செய்வது? அதன் காலுக்குத் தரை எட்ட வேண்டுமே.

குலுக்கலுக்கு எங்கள் முறை இது: ஒவ்வொருவரும் தன் அடையாளமாக ஒரு சிறு பொருளைக் கொடுப்பார். ஈயக்குண்டு, கிளிஞ்சல், ஆணி, எதுவானாலும் சரி. ஏரிச் சேற்றைப் பிசைந்து, பொருளை உள்ளே வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவு உருண்டையாக உருட்டிப் பானையில் போடுவார்கள். நாட்டார் இடத்தின் பெயரைச் சொல்வார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஓர் உருண்டையை எடுத்து உடைப்பார். ஏழுமலை கொடுத்தது பித்தளைத் திருகாணி. பூநாரைக்கு நான் கொடுத்தது ரோஜா நிறச் சிறகு. "சிறகு வெச்ச உருண்ட லேசா இருக்கும், பூசாரி கண்டுபிடிச்சிடுவாரு" என்று ஏழுமலை தகராறு செய்தான். பூசாரி மூன்று நாளாகச் சளி பிடித்திருந்தவர். "எனக்கு இப்ப சோத்துக்கும் மண்ணுக்குமே வித்தியாசம் தெரியலப்பா" என்றார்.

நாட்டார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோட்டை ஓரக் கால்வாய்: கிளிஞ்சல். பசியாவரம் சுற்று: ஈயக்குண்டு. அலையாத்திக் காட்டு ஓரம்: ஆணி. ஒவ்வோர் உருண்டை உடையும்போதும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"முகத்துவாரம்!" என்றார் நாட்டார்.

ஏரி கடலோடு சேரும் இடம் அது. ஆழம், இழுப்பு, நல்ல காற்று. சவாரிக்கு வருகிறவர்கள் விரும்பிப் பார்க்கும் இடம். அங்கே படகைப் பிடிக்கக் கை பழக்கம் வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஏழுமலையை விட்டால் ஆள் இல்லை. எல்லோரும் அவன் பெயர்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். பூசாரி உருண்டையை உடைத்தார். சேற்றில் ஒட்டிக்கொண்டு ரோஜா நிறச் சிறகு.

கூட்டம் வெடித்தது. "பூநார கடலுக்குப் போவுதுடோய்!" "லைஃப் ஜாக்கெட்டு குடுங்கப்பா அதுக்கு!" நாட்டாரே தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த பெயர் கோரை மேடு. பூசாரி உடைத்தார். பித்தளைத் திருகாணி.

இப்போது சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நானும் என் தம்பியும். நிற்க முடியாத இடம் பறவைக்கு. பறவையின் இடம், அதை விரட்டுகிறவனுக்கு. மீதி இரண்டு உருண்டைகள் யாருக்குப் போயின என்று நான் பார்க்கவே இல்லை.

பாடு முறையில் ஒரு வழி உண்டு. இரண்டு பேர் மனம் ஒத்தால் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேட்பவர் ஊர் முன்னால் எழுந்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும். அதோடு, கேட்டு மாற்றிக்கொண்டவர் தான் விட்டுக்கொடுத்த பாட்டுக்கும் பொறுப்பு. அந்த இடத்தில் வேறு யாராவது கை வைத்தால் அவர்தான் தட்டிக் கேட்க வேண்டும்.

நான் எழுந்து கேட்டிருக்கலாம். பல பேர் என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் நான் கேட்டால், அக்காவுக்காகத் தம்பி போட்ட பிச்சை ஆகிவிடும். நாளைக்கே கோபம் வந்தால், "நான் குடுத்த எடந்தானே" என்று படகை உள்ளே விடுவான். அவன் கேட்டால் அது பங்குதாரரோடு செய்துகொண்ட மாற்று. ஊர் உள்ளவரை மீற முடியாது. நான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் உட்கார்ந்திருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே கடையில் வாங்கினது.

நாட்டார், "அவ்ளோதானே? கலையலாமா?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஏழுமலையின் பெண்டாட்டி குரல் வந்தது. "யோவ், மொகத்துவாரம் சும்மா போவுதுய்யா! எந்திரிச்சுக் கேளுய்யா!"

யாரோ வெற்றிலையை அவன் கையில் திணித்தார்கள். எழுந்தான். என் முன்னால் வந்து வெற்றிலையை வைத்தான். "யக்கா..."

"இருப்பா" என்றார் நாட்டார். "அக்கா இன்னா அக்கா? பாடு அவளுதா? யாரு பாடோ அவங்களக் கேளு."

ஏழுமலை என்னைப் பார்த்து முறைத்தான். பிறகு ஏரி இருக்கும் பக்கமாகத் திரும்பினான். காது வரை சிவந்துவிட்டது. "பூநாரயம்மா, உன் மொகத்துவாரத்த எனக்குக் குடுத்துட்டு, என் கோர மேட்ட நீ எடுத்துக்கிறியா?"

ஊர் உருண்டு புரண்டு சிரித்தது. நாட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இன்னா சொல்லுது?"

"யோசிக்குதாம்."

"யக்கா!"

"சரின்னு சொல்லுது. ஆனா அது எடத்துல இன்ஜின் சத்தம் ஆவாதாம்."

"ஆவாதுன்னா ஆவாது, போ!" என்றான். நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

பௌர்ணமிக்கு முன்னால் ரேஞ்சர் ஐயாவிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் படகின் அடித்தட்டில் உட்கார்ந்தபடியே சிரித்துச் சிரித்து இருமினார். அவர் மேலே பேசினார். இந்தப் பருவம் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள். படகுகள் நிற்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஊரே கோரை மேட்டைக் குலுக்கலில் சேர்க்காமல் எடுத்து வைத்துவிட்டது. பூநாரைக்கு இனி முகத்துவாரம் கிடைக்காதே என்று வரதன் மாமா மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அந்த முதல் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். மேலிடத்துப் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் ஏற்பாட்டைப் பார்க்க வந்தார். துறைப் படகில் அவரும், ரேஞ்சர் ஐயாவும், கஞ்சி போட்ட சட்டையில் நானும். படகோட்டி அன்றைக்குத்தான் புதிதாக வந்தவர். அதிகாரி ஏதோ கேட்க, நான் கையை நீட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லைக் கழி நெருங்கியதை நான் பார்க்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

முகத்துவாரம் பக்கமிருந்து சவாரி ஏற்றிவந்த படகு ஒன்று குறுக்கே பாய்ந்து எங்கள் முன்னால் நின்றது. அதன் பின்முனையில் ஏழுமலை எழுந்து நின்று, சவாரிக்கு வந்த ஜனங்கள் முன்னிலையில் கத்தினான்.

"யோவ், நிறுத்துய்யா இன்ஜின! யாரா இருந்தா எனக்கு இன்னா? இது நான் மாத்திக் குடுத்த பாடு! அதுங்க சாப்பிட்டுகினு கீதுங்க, கண்ணு தெரியல?" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ வாட்சரா இன்னா நீ? வாயப் பாத்துகினு உக்காந்திருக்க?"

படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். அதிகாரி திகைத்துப்போய், இவர் யார் என்று கேட்டார். ரேஞ்சர் ஐயா கண்ணாடியைக் கழற்றவில்லை. "இந்த இடத்துக்குப் பொறுப்பானவர் சார்" என்றார்.

சிறு வயதிலிருந்து ஏழுமலையை நான் திட்டியிருக்கிறேன். அவன் என்னைத் திட்டி நான் சும்மா இருந்தது கிடையாது. அன்றைக்குப் படகில் கிடந்த கழியை எடுத்துத் தண்ணீரில் ஊன்றினேன். மேட்டில் தலையைத் தூக்கி நின்ற பூநாரைகள் ஒவ்வொன்றாக மறுபடி குனிந்தன.